கடைப் பெயர் கேட்டால் சொல்லாதவள்

என் மகனுக்கு,

நீ என் மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். இருந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் எனக்கு எதையும் தொடங்க வராது. சாப்பிட்டிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இன்று ராஜபாளையத்தில் மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். தையல் மெஷின்கள் எல்லாம் உறையைப் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. வேலைக்கு வரும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அந்தப் பேசுகிற பெட்டியும் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வீடு இப்படி அமைதியாக இருந்து ரொம்ப நாளாயிற்று. அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய். ஆனால் இது வாயால் பேச வராத விஷயம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நம் நைட்டிக் கடைக்கு நீ போட்ட வலைத்தளத்தில் 'எங்கள் கதை' என்று ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, அதற்கு நாலு வரி எழுதிக் கொடும்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அந்த நாலு வரி இதுதான். நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுவாயோ, நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பாயோ, உன் இஷ்டம். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

போன தடவை நீயும் நிவேதாவும் பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தபோது வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக நான் மொத்தக் கடைக்காரர்களுக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தங்கள் லேபிளை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். 'இனிமே உன் துணிக்கு உன் பேருதாம்மா' என்று நீ லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாய். நைட்டி தைப்பதைவிட அதற்குப் பெயர் வைப்பது பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பூவின் பெயர், நட்சத்திரத்தின் பெயர், இங்கிலீஷ் பெயர் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தாய். பெயர் சின்னதாக இருக்க வேண்டும், ஒரு தடவை காதில் விழுந்தால் திருப்பிச் சொல்ல வர வேண்டும், எழுத்துக்கூட்ட வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது, வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாய். 'இனிமே யாரும் டைப் பண்ண மாட்டாங்கம்மா. கையில மாவு இருக்கும், பிள்ள இடுப்புல இருக்கும். வாயாலதான் கேப்பாங்க. வாயில நிக்கிற பேரா இருந்தாத்தான் கடையும் நிக்கும்' என்றாய். உன் சிநேகிதர்களுக்குப் போன் போட்டு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, மறுநாள் கூப்பிட்டு 'நேத்து என்ன பேரு சொன்னேன்?' என்று கேட்டாய். பாதிப் பேர் மறந்துபோயிருந்தார்கள். அந்தப் பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டாய். நீ சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு அடுப்படிக்கு வந்து, 'எம்மா, பேரு கெடச்சிருச்சு' என்று உன் அப்பாவின் பெயரைச் சொன்னாய். மூன்றெழுத்துப் பெயர். உன் விதிகள் எல்லாவற்றுக்கும் ஒத்து வந்தது. உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். பாதி சம்மதம்தான். உன் அப்பாவை நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மீதிப் பாதியில் எனக்குச் சிரிப்பும் வந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்து, காக்கிச் சட்டையையும் கைலியையும் தவிர வேறொன்றை உடுத்தத் தெரியாத மனிதர். நைட்டியைப் பார்த்தாலே 'சாக்குப் பைக்கு ரெண்டு கை வச்சா அதுக்குப் பேரு துணியா?' என்று கேட்டவர். அவர் பெயர் ஊர்ப் பெண்களின் பிடரியில் லேபிளாக ஏறப் போகிறது. இருந்திருந்தால் என்னவெல்லாம் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பெட்டியையும் மாட்டினாய். 'எம்மா, இதுக்கு ஒரு பேரு இருக்கு. அதச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் முழிக்கும். வேற என்ன கத்துனாலும் தூங்கிட்டே கெடக்கும்' என்றாய். நான் 'பால் பொங்குது' என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை. நீ கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது அடுத்த பாடத்தில் இருந்தாய். பெட்டியை எழுப்பி, கடைப் பெயரைச் சொல்லி, 'இன்னைக்கு என்ன ஆர்டர்?' என்று கேட்டால் அது எந்த ஊருக்கு எத்தனை, என்ன அளவு என்று வாசிக்கும். எனக்குக் கண் மங்கிவிட்டது, போனில் பொடி எழுத்தைப் பார்க்கச் சிரமப்படுகிறேன் என்பதற்காக நீ செய்த ஏற்பாடு. ஆக, தினமும் காலையில் எழுந்ததும் என் வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாகச் சொல்லித்தான் நான் பிழைப்பைத் தொடங்க வேண்டும்.

தம்பி, நான் உன் அப்பா பெயரைச் சொன்னதே இல்லை. கழுத்தில் தாலி ஏறியதிலிருந்து இன்று வரை ஒரு தடவைகூட இல்லை. எழுதியிருக்கிறேன், எழுதியதைக் காட்டியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. நான் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் வீட்டுக்காரர் பெயர் ராஜா. அவள் இந்த ஊருக்கு வர பஸ் ஏறினால் 'பாளையத்துக்கு ஒண்ணு குடுங்க' என்று கேட்பாள். கண்டக்டர் வேண்டுமென்றே, 'எந்தப் பாளையம்க்கா? மேட்டுப்பாளையமா?' என்பார். பஸ்ஸே சிரிக்கும். 'இந்த வண்டி எங்க போகுதோ அங்கதான்' என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்தபோது நானும் அப்படித்தான் ஆனேன்.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று டீச்சர் 'அப்பா பேரு?' என்று என்னிடம் கேட்டார். நான் உன் முதுகைத் தட்டி, 'சொல்லுய்யா, அப்பா பேரு என்ன?' என்றேன். நீ கணீரென்று சொன்னாய். பிள்ளையின் சூட்டிகையைக் காட்டுகிறாள் என்று டீச்சர் சிரித்தார். நீயும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாய். அதற்குப் பிறகு ரேஷன் கடையில், பேங்கில், எங்கே கேட்டாலும் உன்னை முன்னால் தள்ளினேன், நீ இல்லாதபோது கார்டை நீட்டினேன். உனக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. வீட்டுக்குள் உனக்கு அவர் அப்பா, எனக்கு அவர் 'ஏங்க'. பெயருக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

உன் அப்பாவுக்கு மட்டும் இது ஒரு விளையாட்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று 'யாரு பேர்லம்மா கனெக்‌ஷன்?' என்று கேட்டால், இவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைப் பொத்திச் சிரிப்பார். நான் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து காட்டும் வரை வெளியே வர மாட்டார். 'ஒரே ஒரு தடவ சொல்லிரு, அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்' என்பார். 'நீங்க கூட்டிட்டே போக வேண்டாம்' என்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் துடைத்து வைத்துக்கொண்டு, 'வாரியா இல்லியா?' என்று அவரே கூப்பிடுவார். அருவித் தண்ணீரில் நின்றுகொண்டு, 'இந்தச் சத்தத்துல சொன்னா எமனுக்குக்கூடக் கேக்காது, இப்பவாச்சும் சொல்லேன்' என்று கெஞ்சுவார். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால்தான் அவர் மறுபடி கேட்பார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இதெல்லாம் உனக்குத் தெரியாது. நீ கடை விளம்பரத்துக்காகப் போன் கேமராவை என் முன்னால் வைத்து, 'எம்மா, வணக்கம் சொல்லிட்டுக் கடைப் பேரச் சொல்லு' என்றாய். நான் இருமினேன். தொண்டை சரியில்லை என்றேன். பாவம், நீ வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தாய். கடைசியில் நிவேதாவைச் சொல்ல வைத்துப் படம் எடுத்தாய். அன்று சாயங்காலம் துணி மடிக்கும்போது அவள் மெதுவாக, 'அத்தை, நீங்க மாமா பேரைச் சொல்லவே மாட்டீங்களா?' என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மருமகளாக வந்து ஒரு வருஷம் ஆகாத பெண்ணுக்குத் தெரிந்தது. அவளை நினைத்து எனக்குச் சந்தோஷம், உன்னை நினைத்துக் கொஞ்சம் வருத்தம்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகு முத்துலட்சுமிதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறாளே, அவள்தான். காலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் 'ஏட்டி, அதுகிட்டக் கேளு' என்பேன். 'யக்கா, அண்ணாச்சி பேர நான் சொல்லுதேன், நீங்க காப்பியப் போடுங்க' என்று சொல்லிவிட்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் பெயரைச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் என் கண் வாசலுக்குப் போய்விட்டு வரும். மற்றப் பிள்ளைகளிடம் கேட்க எனக்குக் கூச்சம், அவள் லீவு போட்ட நாளில் ஆர்டரே தெரியாது. மறுநாள் சேர்த்துத் தைத்து அனுப்புவோம். பார்சல் தாமதம் என்று உனக்குப் புகார் வந்ததெல்லாம் அதனால்தான். துணி வந்து சேரவில்லை என்று உன்னிடம் ஒரு கதை சொன்னேன்.

அப்புறம் அந்தத் தென்காசிப் பெண் கூப்பிட்டாள். 'யக்கா, நைட்டி நல்லாருக்குன்னு சொன்னாக. எங்க மதினிக்கும் சொல்லணும், கடை பேரு என்னக்கா?' என்றாள். நைட்டிக் கடைதாம்மா என்றேன். 'அது தெரியுதுக்கா, பேரு?' என்றாள். போனில் பார்த்தால் இருக்கும் என்றேன். 'நான் சாதா போன்ல பேசுதேன்க்கா. வாயால சொல்லுங்களேன்' என்றாள். முத்துலட்சுமி சாப்பிடப் போயிருந்தாள். நான் 'செத்த நேரம் பொறுத்துக் கூப்பிடுறேம்மா' என்று வைத்துவிட்டேன். அவள் யாரிடமோ சொல்லி எழுத வைத்திருக்கிறாள். கடைப் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஏமாற்றுக் கடை போலிருக்கிறது, யாரும் வாங்காதீர்கள் என்று ஒற்றை நட்சத்திரத்தோடு நம் வலைத்தளத்தில் வந்து நின்றது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லாத கடையில் நானும் வாங்க மாட்டேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கூப்பிட்டாய். அப்படி ஒரு குரலில் நீ என்னிடம் பேசியதில்லை. 'ஊருக்கே சொல்லி வச்ச பேர உன்னால சொல்ல முடியலையாம்மா? அப்பா மேல அப்படி என்ன கோவம் உனக்கு?' என்றாய். கோவமெல்லாம் இல்லய்யா என்றேன். 'பின்ன என்ன? போனவருக்கு இந்த மரியாதகூடக் கூடாதா? அப்பா பேரு வேண்டாம்னா கடையே வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துருதேன். நீ பழையபடி மொத்தக் கடைக்காரங்களுக்கே தச்சுக் குடு' என்றாய். 'சரிய்யா, போன வை, மாத்திர போடணும்' என்றேன். மாத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வலித்தது தம்பி. கடை போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் முத்துலட்சுமிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இந்த முறை கூலி கூட்டிக் கொடுத்திருக்கிறேன். மொத்தக் கடைக்காரரிடம் திரும்பிப் போனால் அதைக் குறைக்க வேண்டும். அந்த வார்த்தையை அவர்கள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். அது ஒரு பக்கம். உன் அப்பா மேல் எனக்கு மனஸ்தாபம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எவ்வளவோ தாங்கியாகிவிட்டது, இதையும் தாங்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அலுத்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லிப் பழகிவிடுவது என்று ஒரு முடிவோடுதான் உட்கார்ந்தேன். பெட்டியின் பெயரைச் சொன்னேன், அது எளிதாக வந்தது. உச்சியில் விளக்கு வளையமாக எரிந்தது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அது காத்திருந்தது. வாயைத் திறந்தேன். முதல் எழுத்துக்கு உதடு கூடியது, சத்தம் வரவில்லை. விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி எழுப்பினேன். மறுபடி அணைந்தது. ஆயுசு குறையும் என்ற பயம் இனிமேல் எதற்கு, குறைய என்ன மிச்சமிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். புத்திக்குப் புரிகிறது, நாக்குக்குப் புரியவில்லை. பயத்தில் தொடங்கினேன், பிறகு அது பழக்கமானது, அவர் என்னைச் சீண்டிச் சீண்டி அதை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொத்து மாதிரி ஆக்கிவிட்டார். அவர் கேட்டபோது சொல்லாததை ஒரு பெட்டி கேட்டதும் சொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பா மில்லில் மயங்கி விழுந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டி, அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். நீ கோயம்புத்தூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய், மறுநாள்தான் வந்து சேர்ந்தாய். நீ வருவதற்கு முன்பு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு நர்ஸ், சின்னப் பெண், நல்ல பெண், அவர் தோளைத் தட்டித் தட்டிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அசைவில்லை. டாக்டரும் குனிந்து கூப்பிட்டார். அசைவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, 'நீங்க கூப்பிடுங்கம்மா. பேரச் சொல்லிச் சத்தமா கூப்பிடுங்க, முழிக்கிறாரான்னு பாப்போம்' என்றாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். வந்தது வேறு. 'ஏங்க' என்றேன். அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை. அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, 'ஏங்க, இந்தா பாருங்க, நான் வந்திருக்கேன்' என்றேன். அவர் இமை அசைந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், தம்பி. நன்றாகப் பார்த்தார். நான்தான் என்று தெரிந்து பார்த்தார். அந்த நர்ஸ் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கண்ணை மூடியவர் மறுபடி திறக்கவில்லை. நீ வந்து 'அப்பா, அப்பா' என்று கூப்பிட்டபோது அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது. நீ கூப்பிட்டுத் திறக்காத கண் எனக்குத் திறந்தது என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் நீ அழுவாய், நான் தேற்ற வேண்டும். அதற்கு அப்போது என்னிடம் பலம் இல்லை. பிறகு நாள் தள்ளிப்போய்விட்டது.

பெட்டிக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் முழிக்கும் என்று நீ சொன்னபோது பால் பொங்குது என்று ஓடினேனே, இதற்காகத்தான். உன் அப்பாவுக்கு ஊர் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. அவர் முழித்தது அதற்கு இல்லை. நான் கோபத்தால் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்கவில்லை என்பது இப்போதாவது உனக்கு விளங்கினால் போதும்.

நிவேதா உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். கோபம் வந்தால் 'டேய்' என்றும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான் சொல்லவில்லை என்பதற்காக அவளும் சொல்லக் கூடாது என்று நினைக்கிறவள் இல்லை நான். எப்படிக் கூப்பிட்டாலும் சரி, கூப்பிட்டால் திரும்பிப் பார். போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டாதே. உன் அப்பா ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு அப்படித்தான் 'ம்' கொட்டுவார். ஒரு நாள் அவர் சட்டை அடுப்பில் எரிகிறது என்றேன், அதற்கும் 'ம்' என்றார். அந்த ஒரு குணத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

இனி கடை விஷயம். கடையை எடுக்க வேண்டாம். பெயரை மாற்று. என்ன பெயர் என்று நானே யோசித்து வைத்திருக்கிறேன், நீ சிரிக்காமல் கேள். முன்பு கூமாப்பட்டியிலிருந்து வயல் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்து, 'யக்கா, செல்லு வைக்க எடமில்ல, வலது பக்கம் ஒரு பை வச்சுத் தச்சுக் குடுங்க' என்று கேட்டாள். ஆழமாக, குனிந்தாலும் போன் விழாத மாதிரி ஒரு பை வைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து நம் நைட்டி எல்லாவற்றிலும் அந்தப் பை இருக்கிறது. சோழபுரத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றால் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? 'பை வச்ச நைட்டி இருக்காக்கா?' அவ்வளவுதான். போனிலும் அதையேதான் கேட்கிறார்கள். நீ வைத்த பெயரைச் சொல்லி ஒருத்தியும் கேட்கவில்லை. உன் விதிகளை வைத்தே பார். ஒரு தடவை கேட்டால் மறக்காது. எழுத்துக்கூட்ட வேண்டாம். கையில் மாவோடு நிற்கிறவள் வாயிலும் வரும். முக்கியமாக, என் வாயிலும் வரும். 'பை வச்ச நைட்டி' என்றே வைத்துவிடு. என் போனில் அதைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், யார் யாருடைய துணியோ வந்தது, நம்முடையது வரவில்லை. அதை வர வைக்கிறது உன் வேலை, அதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். வேறு யாராவது அந்தப் பெயரை வைத்திருந்தால் சொல்லு, இன்னொன்று யோசிப்போம். தென்காசிப் பெண்ணுக்கு நானே போன் போட்டு இந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். 'இதச் சொல்லவாக்கா இம்புட்டு யோசிச்சீக?' என்று கேட்டாள். மதினிக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறாள்.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு இன்னொரு யோசனை வரும். பெற்றவளுக்குத் தெரியாதா? 'ஏங்க' என்றே வைத்தால் என்ன என்று தோன்றும். சின்னப் பெயர், கேட்டதும் சிரிப்பு வரும், விளம்பரத்துக்கும் எடுப்பாக இருக்கும். வேண்டாம் ராசா. வேறு யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நாம் வைக்க வேண்டாம். அந்தச் சொல்லை நான் இனி யாரையும் கூப்பிடப் போவதில்லை, யாரும் அதை எனக்கு விற்றுக் காட்டவும் வேண்டாம்.

அப்பா பெயர் போட்டு நீ அச்சடித்த லேபிள் மூட்டையாக வந்து கிடக்கிறது. அதை வீணாக்க மாட்டேன். கழுத்துப் பட்டையில் புதுப் பெயர் வரட்டும். அவர் பெயரைப் பைக்குள்ளே, உள்பக்கத் தையலோரத்தில் வைத்துத் தைக்கிறேன். வெளியே தெரியாது, யாரும் வாசித்துச் சொல்லவும் வேண்டியதில்லை. சாவியையோ சில்லறையையோ தேடுகிறவள் விரலில் தட்டுப்பட்டால் போதும். நீ அவருக்குச் செய்ய நினைத்த மரியாதையும் போகாது. முந்தாநாள் மாதிரிக்கு ஒன்று தைத்து இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். எழுதாத நேரமெல்லாம் என் கை அந்தப் பைக்குள்தான் கிடக்கிறது. சாக்குப் பை என்று சொன்னவர் சாக்குப் பைக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டார்.

கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது, பெட்டியிலும் விளக்கு எரிந்து அணைந்தது. முத்துலட்சுமி வாசலில் நின்று 'யக்கா, வரட்டுமா?' என்று கேட்கிறாள். பாதியில் நிற்கிற ஆர்டரை இன்றைக்கே முடித்துவிட வேண்டும் அவளுக்கு. எனக்கு இடுப்பு நிமிரவில்லை. நீ பொங்கலுக்கு வருவாயா, மாட்டாயா என்பதை மட்டும் சொல்லு. வருவதானால் நிவேதாவுக்கு நீலத்தில் ஒன்று தைத்து வைக்கிறேன், அவளுக்குப் பை இரண்டு பக்கமும் வேண்டும் என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பயந்துவிடாதே, இப்போதைக்கு எனக்கு ஒன்றுமில்லை, முட்டி வலியும் சர்க்கரையும்தான். ஆனால் என்றைக்காவது நானும் அதுமாதிரி ஒரு கட்டிலில் கண்ணை மூடிக் கிடப்பேன். ஒரு நர்ஸ் பெண் என் பெயரைச் சொல்லித் தட்டித் தட்டிப் பார்ப்பாள். அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இப்போது இல்லை, அதற்கு நான் முழிப்பேனா என்று எனக்கே சந்தேகம். அவள் உன்னைப் பார்த்து, 'பேரச் சொல்லிக் கூப்பிடுங்க சார்' என்பாள். டீச்சர் கேட்டதும் அப்பா பெயரைக் கணீரென்று சொன்னாயே, அந்த மாதிரி என் பெயரைச் சொல்லிவிடாதே. பக்கத்தில் வந்து, 'எம்மா' என்று கூப்பிடு. முழித்துக்கொள்வேன்.

உன் அம்மா